அசல்

தேவகோட்டையில், மருந்துக்கடை மாடியில்,
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
இங்கிலீஷைத் தமிழாக்கி முத்திரைக்கு அனுப்புவேன்.
பிழை வந்தால் வக்கீல் அருளானந்து
என் கூலியில் பிடித்துக்கொள்வார்.
பிழை எந்த மொழியுடையது என்று கேட்கமாட்டார்.

இன்று ஈப்போவிலிருந்து ஒரே ஒரு தாள்.
சேவுகன் எழுதியது, அத்தை சிகப்பிக்கு.
கண்டனூர் வீட்டில் பதினேழில் ஒரு பங்கு அவனுக்கு.
சிகப்பி எதிரே உட்கார்ந்திருக்கிறாள்,
மடியில் ஏலச்சீட்டு நோட்டு,
கொண்டையில் பால்பாயின்ட் பேனா.

முதல் சொல்லே டியர்.
பிரியமான என்றும் ஆகும், விலை கூடின என்றும் ஆகும்.
‘விலை கூடின அத்தைக்கு’ என்று
மனசுக்குள் எழுதி அடித்தேன்.
அடித்த பிறகு, விட்டுவைத்திருக்கலாமோ என்றிருந்தது.
அவன் படிப்புக்கு இவள் எடுத்த சீட்டுகளை
இந்தத் தெருவே எண்ணிச் சொல்லும்.

ஆன்ட்டி என்றுதான் இருந்தது தாளில்.
அத்தையா சித்தியா அடுத்த வீட்டு மாமியா,
அந்தச் சொல்லுக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்ததால் அத்தை.

அடுத்த வரி: அப்பா போய்விட்டார், நான்தான் மிச்சம்.
போனதற்கும் லெஃப்ட், மிச்சத்துக்கும் லெஃப்ட்.
கிளம்பினவனும் கிடப்பவனும்
ஒரே சட்டையை மாற்றி மாற்றி
மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.
போதாததற்கு இடது கைக்கும் அதே பெயர்.

பிறகு வில்.
‘என்ன வில்லு? விக்கச் சொல்றானா?’
இல்லை ஆச்சி, அவங்க பாஷையில அது உயில்.
உங்க அண்ணன் எதுவும் எழுதிவைக்கலையாம்.
‘அப்ப விக்கத்தான் சொல்றான்.’
நான் திருத்தவில்லை.

கடைசி வாக்கியம் குட்டை.
வீட்டில் எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லை.

பேங்கில் அது வட்டி.
பத்திரத்தில் வந்தால் பாத்தியதை.
பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் போனில் சொன்னால்
(எனக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள்)
விருப்பம்.
காய்ச்சல்காரன் தலைமாட்டில் அக்கறை.
நாலு பேருக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு,
நடுவில் ஒரு தட்டிகூடக் கிடையாது.

‘பாத்தியதைன்னு போடும்மா,’
உள்ளிருந்து வக்கீல் குரல்,
‘விடுதலைப் பத்திரம் சுலபமாயிடும்.’
அப்படிப் போட்டால் அவன் பங்கு போகும்.
அக்கறை என்று போட்டால் என்ன போகும் என்று
எதிரே பார்த்தேன்.

‘என்ன, நின்னுபோச்சு?’
இன்ட்ரஸ்ட் இல்லைன்னு எழுதியிருக்கார் என்றேன்,
மொழிபெயர்க்காமல், கோழையாக.
சீட்டுப் பிடிக்கிறவள்,
அந்த ஒரு சொல்லை எந்த மொழியில் சொன்னாலும் தெரியும்.

‘வட்டி இல்லாட்டிப் போகுது.
அசல் இருக்கான்னு பாரு.’

தாளைத் திருப்பிப் பார்த்தேன், நிஜமாகவே.
பின்பக்கம் வெள்ளை.

காலையிலிருந்து இங்கிலீஷைக் கேலி செய்தேனே,
நம்முடையது மட்டும் என்ன யோக்கியம்?
கொடுத்த முதல் அசல்.
கலப்படமில்லாதது அசல்.
அசலூர் என்றால் வேற்றூர்,
அசலார் என்றால் நம்மவர் இல்லை.
இதில் எதைத் தேடச் சொன்னாள் என்று கேட்க
நிமிர்ந்தபோது அவள் நோட்டைப் பிரித்து
கார்த்திகை மாதப் பாக்கியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்,
உதடு மட்டும் அசைய.
ஒரே கணக்கை மூன்று தடவை கூட்டினாள்.

பாத்தியதை என்றே எழுதினேன்.
ஒரு பக்கம், நூற்றிருபது.
கையெழுத்துக்கான இடத்தை விரலால் காட்டினேன்.

‘அந்தக் கடுதாசிய எங்கிட்டயே குடுத்துரு’ என்றாள்.
நகல்தான் தரமுடியும் ஆச்சி,
அசல் பைலில் இருக்கணும்.